நன்னியைக் கேட்டீர்களா?



சென்னைத் துறைமுகத்தில் ஒரு கண்டெய்னர் கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மண்ணடியில் கடை வைத்திருப்பவர்களுக்கு இந்த விவகாரம் நன்றாகத் தெரியும். முப்பது நாளில் யாரும் எடுக்காவிட்டால் சுங்கச் சட்டப்படி அதை விற்றுவிடலாம். ஆனாலும் விற்பதற்கு முன் இறக்குமதி செய்தவருக்கு நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். உள்ளே இருப்பது பிளாஸ்டிக் பொம்மைதான் என்றாலும் சட்டம் இதுதான்.

பொம்மையை விடுங்கள். உயிருள்ள குழந்தைக்கு வருவோம்.

எம்.கே.பி. நகரில் வாடகைக்குக் குடியிருந்த ஒரு குடும்பம். அத்தா மவுத்தாகிவிட்டார். உம்மாவும் போய்விட்டார், அல்லது மனநிலை சரியில்லாமல் எங்கோ போய்விட்டார். ஒன்றரை வயதுக் குழந்தையை யாரோ கொண்டுபோய் ஒப்படைக்கிறார்கள். 24 மணி நேரத்துக்குள் அது குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தப்படுகிறது. அங்கிருந்து ஒரு இல்லத்துக்குப் போகிறது. பத்திரிகையில் தபால்தலை அளவுக்கு ஒரு படம் வருகிறது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால் இரண்டு மாதம். அதற்கு மேல் என்றால் நான்கு மாதம். அந்தக் கெடுவுக்குள் குழுவின் மூன்று உறுப்பினர்கள் கையெழுத்திட்டால் அக்குழந்தை தத்துக்குச் சட்டப்படி விடுவிக்கப்பட்ட குழந்தை. அதன்பின் அது எந்த ஊருக்கும் போகலாம், எந்த நாட்டுக்கும் போகலாம். தத்து உத்தரவு ஆகிவிட்டால் பிறந்த குடும்பத்தோடு அதற்கிருந்த சட்டப்பூர்வமான உறவு அத்தோடு அறுந்தது. விபரங்கள் இரகசியம்.

இந்த இரண்டு மாதத்தில் வியாசர்பாடியிலோ பெரும்பாக்கத்திலோ இருக்கும் அந்தக் குழந்தையின் நன்னியைப் போய் யாராவது கேட்டார்களா? 'அம்மா, உங்கள் மகளின் பிள்ளை எங்களிடம் இருக்கிறது. நீங்கள் வளர்க்க முடியுமா?' என்று வாசலில் நின்று ஒரு மனிதர் கேட்டாரா?

சட்டம் கேட்கச் சொல்லவில்லையா? சொல்லியிருக்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். குழந்தையை வளர்க்கும் முதல் பொறுப்பு குடும்பத்துக்கு என்கிறது. இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி என்கிறது. தத்துக்கு விடுவிக்கும் 38ஆம் பிரிவு, பெற்றோரையோ பாதுகாவலரையோ கண்டுபிடிக்க எல்லா முயற்சிகளையும் குழு செய்ய வேண்டும் என்கிறது. அநாதை என்றாலும்கூடப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லாத அநாதை என்று உறுதியானால்தான் விடுவிக்கலாம்.

யாரும் இல்லாத! இந்தச் சொல்லைத்தான் நாம் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்பாவும் அம்மாவும் இல்லை என்பது வேறு. யாரும் இல்லை என்பது வேறு. நன்னா இருக்கலாம், சாச்சா இருக்கலாம், குப்பி இருக்கலாம், சின்னம்மா இருக்கலாம். இவர்களைத் தேடாமல், பார்க்காமல், விசாரிக்காமல் 'யாரும் இல்லை' என்று எழுதுவது எப்படி உண்மையாகும்?

சில அதிகாரிகள் இதற்குச் சாமர்த்தியமாகப் பதில் சொல்வார்கள். சட்டம் பெற்றோர், பாதுகாவலர் என்றுதானே சொல்கிறது, பாட்டி கோர்ட்டில் பாதுகாவலராக நியமிக்கப்பட்டவர் இல்லையே என்பார்கள். அதே சட்டத்தில் பாதுகாவலர் என்ற சொல்லுக்குத் தரப்பட்டிருக்கும் விளக்கத்தை அவர்கள் படிக்க வேண்டும். குழந்தை உண்மையில் யார் பொறுப்பில் இருந்தது என்று குழு கருதுகிறதோ, அவரை விசாரணையின்போது பாதுகாவலராகக் குழுவே அங்கீகரிக்கலாம். கோர்ட் முத்திரை தேவையில்லை. ஆக, பிள்ளையைத் தூக்கி வளர்த்த நன்னி சட்டத்தின் கண்ணில் தெரியாத ஆள் அல்ல.

புளியந்தோப்பு மறந்துவிட்டதா?

வீணாகப் பயமுறுத்துகிறோம் என்று எண்ணாதீர்கள். ரயில் பாதையைத் தாண்டினால் புளியந்தோப்பு. 1998, 1999 வாக்கில் அங்கே ஏழைகளின் குழந்தைகள் தெருவிலிருந்தும் நடைபாதையிலிருந்தும் காணாமல் போயின. பெற்றவர்கள் காவல் நிலைய வாசலில் ஆண்டுக்கணக்கில் அழுதார்கள். 2005ல்தான் கடத்தல் கும்பல் பிடிபட்டது. மலேசியன் சோஷியல் சர்வீசஸ் என்ற தத்து நிறுவனத்தின் வழியாக அக்குழந்தைகள் வெளிநாடு போய்விட்டன என்று காவல்துறை கூறியது. ஒரு பையன் நெதர்லாந்துக்கு. நம் சமுதாயத்துப் பெண் குழந்தை ஒன்று ஆஸ்திரேலியாவுக்கு. வழக்கு சி.பி.ஐ. வரை போனது. பெற்ற தாயே மனமுவந்து ஒப்படைத்ததாகக் காட்டும் பத்திரங்கள் போலி என்பதே குற்றச்சாட்டு.

அன்று சட்டம் இல்லாமல் இது நடக்கவில்லை, சகோதரர்களே! 1984லேயே லட்சுமி காந்த் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் வெளிநாட்டுத் தத்துக்குக் கடுமையான வழிமுறைகளை வகுத்துவிட்டது. அதன் தொடர்ச்சியாகத் தத்தெடுப்புக்கென்று மத்திய அமைப்பும் 1990ல் வந்துவிட்டது. விதி இருந்தது. படிவம் இருந்தது. முத்திரை இருந்தது. பத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு புளியந்தோப்புக்குப் போய், இந்தப் பிள்ளை யாருடையது என்று நான்கு வீட்டில் கேட்கிற ஆள் ஒருவர் இல்லை. அந்த ஒருவர் போயிருந்தால் முதல் வீட்டிலேயே மோசடி வெளிப்பட்டிருக்கும்.

உறவினரை விசாரிப்பது உறவினருக்குக் காட்டும் சலுகை என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை. குழந்தை திருடப்படவில்லை என்பதற்கு அதைவிடப் பெரிய காவல் கிடையாது.

இன்று விதிகள் இறுகியிருக்கின்றன. இணையத்தில் பதிவு, வரிசை எண் எல்லாம் உண்டு. அல்ஹம்துலில்லாஹ், நல்லதுதான். ஆனால் இன்னொரு பக்கம் பாருங்கள். தத்தெடுக்கப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கும் தம்பதிகள் நாடு முழுவதும் முப்பதாயிரத்துக்கும் மேல். விடுவிக்கப்பட்ட குழந்தைகளோ சில ஆயிரம்தான். மூன்று ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்கிறார்கள். அவர்களை நாம் குறை கூறவில்லை. பிள்ளை இல்லாத வீட்டின் அமைதி எப்படிப்பட்டது என்பது அந்த வீட்டாருக்குத்தான் தெரியும். ஆனால் வியாபாரிகளான உங்களுக்கு ஒன்று சொல்லித் தரவேண்டியதில்லை. கேட்பவர் அதிகம், இருப்பு குறைவு என்றால் கிடங்கில் என்ன நடக்கும்? சீக்கிரம் விடு, சீக்கிரம் விடு என்ற குரல்தான் எழும். ஆங்கிலப் பத்திரிகைகள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எழுதுகின்றன: இல்லங்களில் குழந்தைகள் தேங்குகின்றன, குழுக்கள் தாமதிக்கின்றன என்று. தாமதம் தவறுதான். ஆனால் உறவினரைத் தேடிச் செலவிடும் வாரங்களைத் தாமதக் கணக்கில் எழுதுவது என்ன நியாயம்?

அறையின் நீள அகலம்

தேடிக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்றே வையுங்கள். அடுத்து வருகிறது வீட்டு விசாரணை. பதினைந்து நாளில் சமூக விசாரணை அறிக்கை முடிய வேண்டும். கையில் கோப்போடு ஒருவர் வருகிறார். நாமே ஒரு வீட்டில் உடன் இருந்திருக்கிறோம். எந்த ஊர், எந்த அலுவலகம் என்று சொல்ல வேண்டியதில்லை. வந்தவர் கேட்டது: எத்தனை அறை? கழிவறை உள்ளேயா, வெளியேயா? மாதம் எவ்வளவு வருமானம்? அந்த நன்னிக்கு அறுபது வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர். அவரிடம் பிள்ளைக்குப் பால் எப்போது கொடுப்பீர்கள், காய்ச்சல் வந்தால் எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவீர்கள், இவன் ராத்திரி யாரைக் கேட்டு அழுவான் என்று ஒரு கேள்வி இல்லை.

ஒற்றை அறை வீட்டில் வளர்ந்தவர்கள் எத்தனை பேர் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்? கையைத் தூக்கச் சொன்னால் பாதிப் பேர் தூக்குவீர்கள். ஏழ்மை குற்றம் என்றால் வடசென்னையில் பாதிப் பிள்ளைகளைத் தத்துக் கொடுத்துவிட வேண்டியதுதான்!

பணம்தான் குறை என்றால் பணம் கொடுக்கட்டும். பெரிய குடும்பத்தோடு வாழும் அநாதைக் குழந்தைக்கு ஆதரவுத் தொகை கொடுக்கலாம் என்று அதே 2015 சட்டத்தின் 45ஆம் பிரிவே சொல்கிறது. மத்திய அரசின் வாத்சல்யா திட்டத்தில் 2022 முதல் மாதம் 4,000 ரூபாய் என்று அத்தொகை நிர்ணயிக்கப்பட்டது. கொரோனாவில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குத் தமிழக அரசு 2021 மே மாதம் அறிவித்ததை நினைத்துப் பாருங்கள். பிள்ளையின் பெயரில் 5 லட்சம் வைப்புத் தொகை. உறவினரோ பாதுகாவலரோ வைத்து வளர்த்தால் மாதம் 3,000 ரூபாய், பதினெட்டு வயது வரை. 2025 செப்டம்பரில் அன்புக் கரங்கள் என்ற பெயரில் மாதம் 2,000 ரூபாய்த் திட்டம் தொடங்கப்பட்டது. அரசுக்கே தெரிகிறது, உறவினர் வீட்டில் பிள்ளை வளரலாம், கைகொடுத்தால் போதும் என்று. பிறகு ஏன் ஏழ்மையைக் காரணமாக எழுதி அறிக்கையை மூட வேண்டும்?

இல்லம் பாதுகாப்பு, வீடு ஆபத்து என்று பேசுபவர்கள் 2020 ஜூனை நினைத்துப் பார்க்கட்டும். நம் ராயபுரத்து அரசு இல்லத்தில் 35 குழந்தைகளுக்குக் கொரோனா. உச்ச நீதிமன்றமே தலையிட்டு விளக்கம் கேட்டது. அந்த ஆண்டு ஏப்ரலிலேயே, வாய்ப்புள்ள குழந்தைகளைக் குடும்பத்தாரிடம் அனுப்புவதைப் பரிசீலியுங்கள் என்று அதே நீதிமன்றம் நாடு முழுவதற்கும் சொல்லியிருந்தது. இல்லத்து ஊழியர்களைக் குற்றம் சொல்வதற்காக இதைக் கூறவில்லை. நெருக்கமாகப் பிள்ளைகளை அடைத்து வைத்தால் எந்த இல்லமும் அப்படித்தான்.

இன்னொரு கொடுமை முகவரி. கூவம் கரையிலும் ரயில் பாதை ஓரத்திலும் இருந்த குடும்பங்களைப் பெயர்த்துக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினார்கள். ரேஷன் கார்டில் ஒரு முகவரி, ஆதாரில் இன்னொரு முகவரி, ஆள் இருப்பது மூன்றாவது இடத்தில். பழைய முகவரிக்குத் தபால் போகும். 'இம்முகவரியில் இல்லை' என்று திரும்பும். தேடினோம், கிடைக்கவில்லை! வீட்டை இடித்தவரும் அரசாங்கம்தான், வீட்டில் ஆள் இல்லை என்று எழுதுபவரும் அரசாங்கம்தான்.

இனி நம் பக்கம்

இவ்வளவு நேரம் தலையாட்டிக்கொண்டு வந்தீர்கள். இனி சொல்லப்போவது கசக்கும்.

நோட்டீஸ் வந்தும் போகாத சாச்சாக்கள் நம்மில் இல்லையா? நாற்பதாம் நாள் சோற்றுக்கு வந்து கூடியவர்கள் நாற்பத்தொன்றாம் நாள் அந்தப் பிள்ளையை யார் வீட்டில் வைப்பது என்ற பேச்சு வந்ததும் செருப்பைத் தேடவில்லையா? எங்கள் ரத்தம், எங்கள் ரத்தம் என்று மார்தட்டுகிறோம். குழுவின் முன் ஒரு வெள்ளைத்தாளில் மூன்று வரி எழுதிக் கொடுக்க நேரமில்லை. பிள்ளை கைமாறிப் போன பிறகு பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு நம் பிள்ளையை யாருக்கோ கொடுத்துவிட்டார்கள் என்று குமுறுவதற்கு மட்டும் நேரம் இருக்கிறது.

வேறு வகையினரும் உண்டு. இறந்தவர் பெயரில் ஒரு கடை, ஒரு பிளாட் இருந்தால் போதும். நான்கு பேர் போட்டி போட்டு வருவார்கள். இவர்களுக்கு ஒன்றைச் சொல்லி வைக்கிறோம். ஷரீஅத் சட்டப்படி மைனரின் சொத்துக்குப் பாதுகாவலர் தகப்பன், தகப்பன் நியமித்தவர், தகப்பனின் தகப்பன், அவர் நியமித்தவர்; அவ்வளவுதான். சாச்சாவுக்கும் மாமுவுக்கும் தானாக அந்த உரிமை கிடையாது. கோர்ட் நியமித்தால்தான் உண்டு. பிள்ளையைக் கையில் வைத்திருப்பதால் மட்டும் அதன் நிலத்தை விற்க முடியாது என்று 1918லேயே இமாம்பந்தி வழக்கில் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்துவிட்டது. நூறாண்டுக்கு மேலாகிவிட்டது; இன்னும் நம்மவர்கள் காதில் விழவில்லை! எத்தீமின் சொத்தைத் தின்பவனுக்கு மறுமையில் என்ன என்பதை ஒவ்வொரு ஜும்ஆவிலும் கேட்டுவிட்டு, வெளியே வந்ததும் பத்திர எழுத்தரைத் தேடுகிறார்கள்.

நன்னா உயிரோடு இருக்கும்போதே மகன் இறந்துவிட்டால், மற்ற மகன்கள் இருக்கப் பேரப்பிள்ளைக்கு வாரிசுப் பங்கு வராது என்பதும் உங்களுக்குத் தெரியும். அதனால்தான் மூன்றில் ஒரு பங்கு வரை வஸிய்யத் எழுத மார்க்கம் வழி வைத்திருக்கிறது. எத்தனை நன்னாக்கள் எழுதினார்கள்? எத்தனை சாச்சாக்கள் எழுத விட்டார்கள்? இது தனிக் கட்டுரைக்கு உரிய விஷயம். இன்ஷா அல்லாஹ் பிறகு பார்ப்போம்.

இன்னும் கசப்பானது ஒன்று. உறவினர் வீடு என்றால் சொர்க்கம் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. அண்ணன் மகளை அழைத்து வந்து படிப்பை நிறுத்திப் பாத்திரம் கழுவ வைத்த வீடுகள் உண்டு. அதைவிட மோசமானவையும் உண்டு; எழுதக் கை கூசுகிறது. ஆகவே நாம் விசாரணையே வேண்டாம் என்று சொல்லவில்லை. விசாரணை வேண்டும் என்கிறோம். உறவு என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளையைக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்பது அநியாயம். வீட்டுக்கு வரட்டும். போலீஸ் விசாரிக்கட்டும். அக்கம்பக்கத்தில் கேட்கட்டும். பேசத் தெரிந்த பிள்ளையாக இருந்தால் பிள்ளையைத் தனியாக உட்கார வைத்துக் கேட்கட்டும். இதில் கௌரவக் குறைச்சல் என்ன இருக்கிறது? மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தால் நான்கு தெரு தள்ளிப் போய் விசாரிக்கிறோம். கடனுக்குச் சரக்குக் கொடுப்பதற்கு முன் பஜாரில் ஆளைப் பற்றிக் கேட்கிறோம். அநாதைப் பிள்ளையை ஒப்படைக்க மட்டும் விசாரணை கூடாதா?

ஹம்ஸா (ரலி) அவர்களின் மகள் விஷயத்தை ஓதியவர்கள் அறிவார்கள். அறியாதவர்களுக்காகச் சொல்கிறோம். உஹதில் ஹம்ஸா ஷஹீதானார்கள். ஹிஜ்ரி ஏழாம் ஆண்டு உம்ராவை முடித்துக்கொண்டு முஸ்லிம்கள் மக்காவை விட்டுக் கிளம்பும்போது அந்தச் சிறுமி பின்னால் ஓடி வந்தாள். மூன்று பேர் அவளுக்குப் போட்டியிட்டார்கள். அலீ (ரலி) சிறிய தகப்பனார் மகள் என்றார்கள். ஜஅஃபர் (ரலி) அவர்களுக்கும் அதே உறவு. அத்துடன் அவர்களுடைய மனைவி அச்சிறுமியின் சின்னம்மா. ஸைத் (ரலி) அவர்களோ சகோதரனின் மகள் என்றார்கள். ஹம்ஸாவுக்கும் அவர்களுக்கும் இடையே நபியவர்கள் சகோதரத்துவம் ஏற்படுத்தியிருந்தார்கள்.

மூவரும் எப்படிப்பட்டவர்கள்! யாரிடம் கொடுத்திருந்தாலும் யார் குறை சொல்லியிருக்க முடியும்? ஆனாலும் நபி (ஸல்) அவர்கள் மூவர் வாதத்தையும் கேட்டார்கள். தாயின் சகோதரி தாயின் இடத்தில் இருப்பவர் என்று கூறி, ஜஅஃபரின் வீட்டுக்கே தீர்ப்பளித்தார்கள். மற்ற இருவரையும் நல்ல வார்த்தை சொல்லித் தேற்றினார்கள். கவனியுங்கள், யாருக்கு உரிமை அதிகம் என்று அங்கே பார்க்கப்படவில்லை. எந்த வீட்டில் அந்தச் சிறுமிக்கு ஒரு தாய் மடி இருக்கிறது என்று பார்க்கப்பட்டது. கேட்டார்கள், ஒப்பிட்டார்கள், காரணம் சொன்னார்கள், தோற்றவர் மனதையும் பார்த்தார்கள். குழந்தைகள் நலக் குழுவிடம் நாம் கேட்பதும் இவ்வளவுதான். அக்குழுவில் ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் இருக்கிறார்கள். ஒரு உத்தரவில் நான்கு வரி காரணம் எழுத முடியாதா?

தத்து ஒன்றுதான் வழியா?

2014 பிப்ரவரி 19 அன்று ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் தலைமை நீதிபதி சதாசிவம் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது. இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் முஸ்லிமும் தத்தெடுக்கலாம், தனிச்சட்டம் அதைத் தடுக்காது என்றது. உடனே நம்மவர்களில் சிலர் ஷரீஅத்தே போய்விட்டது என்று மேடை ஏறினார்கள். தீர்ப்பைப் படித்தார்களா என்று தெரியாது. அது விருப்பத்துக்கு உட்பட்ட சட்டம், யாரையும் கட்டாயப்படுத்தவில்லை என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. தத்தெடுப்பதை அடிப்படை உரிமையாக அறிவிக்கவும் நீதிமன்றம் மறுத்துவிட்டது.

நமக்கு உள்ள வழி கஃபாலத். பிள்ளையை வளர்க்கலாம், படிக்க வைக்கலாம், மகனைப் போல் நேசிக்கலாம். பெற்றவனின் பெயரை மட்டும் அழிக்கக் கூடாது. ஸைத் (ரலி) அவர்கள் ஒரு காலத்தில் முஹம்மதின் மகன் என்றே அழைக்கப்பட்டவர்கள். ஆயத்து இறங்கியபின் ஹாரிஸாவின் மகன் ஸைத் ஆனார்கள், பாசம் ஒரு துளியும் குறையவில்லை. இந்தக் கஃபாலத் உலகத்துக்குத் தெரியாத விஷயம் அல்ல. 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 20ஆம் பிரிவு இதே பெயரைச் சொல்லி அங்கீகரிக்கிறது. 1992ல் இந்தியாவும் அதில் இணைந்தது.

இங்கே அதற்குச் சட்ட வடிவம் வேண்டுமென்றால் 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டம் இருக்கிறது. வெள்ளைக்காரன் போட்ட சட்டம்தான். ஆனால் அதன் 17ஆம் பிரிவைப் பாருங்கள். பிள்ளையின் நலன், வயது, மதம், பாதுகாவலராக வருபவரின் குணம், தகுதி, பிள்ளைக்கு அவர் எவ்வளவு நெருங்கிய உறவு, இறந்த பெற்றோரின் விருப்பம், பிள்ளைக்கு விபரம் தெரிந்தால் பிள்ளையின் விருப்பம் எல்லாவற்றையும் நீதிபதி பார்க்க வேண்டும். நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய சட்டத்துக்குத் தெரிந்த நியாயம் இன்றைய படிவங்களில் காணாமல் போவது ஏன்?

2015 சட்டத்தின்படி உறவினர் தத்தெடுக்கவும் வழி உண்டு, எந்த மதத்தவரும் செய்யலாம். ஆனால் அதில் உறவினர் என்றால் தந்தை வழி, தாய் வழிச் சிற்றப்பா, பெரியப்பா, மாமா, அத்தை, சித்தி, பெரியம்மா, தாத்தா, பாட்டி ஆகியோர் மட்டுமே. கூடப் பிறந்த அண்ணன் இல்லை, அக்கா இல்லை! உம்மாவுக்குப் பின் தம்பியைத் தூக்கி வளர்த்த இருபத்தைந்து வயது லாத்தா தத்து விஷயத்தில் உறவினர் அல்லவாம். தத்து விஷயத்தில்தானே தவிர, பிள்ளையை வளர்க்க ஒப்படைப்பதில் இந்தக் கட்டுப்பாடு கிடையாது. இதை லாத்தாக்கள் தெரிந்துகொள்ளட்டும். யாராவது பட்டியலைக் காட்டித் திருப்பி அனுப்பினால் நகராமல் நிற்கட்டும்.

மேல்நாட்டைப் பார்த்துத்தான் எதையும் செய்வோம் என்பவர்களுக்கும் செய்தி உண்டு. அமெரிக்காவில் செவ்விந்தியக் குழந்தைகளை ஏராளமாகப் பிரித்து வெள்ளையர் வீடுகளில் வைத்தார்கள். 1978ல் சட்டம் போட்டு, முதலில் உறவினர், பிறகு அந்த இனத்தார், அதன் பின்தான் மற்றவர் என்று வரிசைப்படுத்தினார்கள். 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அச்சட்டத்தை நிலைநிறுத்தியது. நியூசிலாந்தில் மவோரி மக்களின் போராட்டத்தால் 1989ல் வந்த சட்டம், குழந்தையின் விஷயத்தைப் பேச முதலில் குடும்பத்தார் கூட்டத்தைக் கூட்டச் சொல்கிறது. பிரிட்டனில் தத்தெடுக்காமலேயே உறவினர் சட்டப்படி வளர்ப்பவராகும் ஒரு ஏற்பாடு 2005 கடைசியில் அமலுக்கு வந்தது. பெற்றவரின் உறவு அறுவதில்லை. நம் கஃபாலத்துக்கு எவ்வளவு பக்கம் என்று பாருங்கள். பிள்ளைகளைப் பிரித்துப் பார்த்துப் பட்டுத் தெரிந்துகொண்ட நாடுகள் அவை.

சரி, ஆகவேண்டிய காரியம் என்ன?

பிள்ளை கிடைத்த இடம், அதன் பெற்றோர் கடைசியாக இருந்த இடம், அந்தப் பகுதிப் பள்ளிவாசல், சர்ச், கோயில், ரேஷன் கடை, ரேஷன் கார்டில் உள்ள பழைய முகவரி, இடம்பெயர்ந்த புது முகவரி இத்தனையிலும் குழுவின் நோட்டீஸ் ஒட்டப்பட வேண்டும். விடுவிப்பு உத்தரவில், யார் யாரைத் தேடினோம், எந்தத் தேதியில் எந்த வீட்டுக்குப் போனோம், யார் வந்தார், அவர் ஏன் தகுதியில்லை என்று பெயர் சொல்லி எழுதப்பட வேண்டும். தகுதியில்லை என்பதற்கு ஏழ்மை ஒன்றே காரணமாக எழுதப்பட்டிருந்தால், அதே உத்தரவில் ஆதரவுத் தொகை ஏன் தரப்படவில்லை என்பதற்கும் பதில் வேண்டும். இந்தக் கோரிக்கைகளை நம் இளைஞர்கள் மனுவாக எழுதி மாவட்ட ஆட்சியரிடம் கொடுங்கள். குழுவின் செயல்பாடு பற்றிய குறைகளைக் கேட்க வேண்டியவர் அவர்தான்.

ஜமாஅத்துக்கு வேறு வேலை இருக்கிறது. முத்தவல்லிமார்களே! ஜனாஸா அறிவிப்புச் செய்யும்போது, இறந்தவருக்குச் சிறு பிள்ளைகள் உண்டா, யார் பொறுப்பு என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். நிக்காஹ் பதிவு உங்களிடம்தான் இருக்கிறது. பெண்ணின் தாய்வீடு எந்த ஊர், மாமன் யார் என்பது அரசாங்கத்தைவிட உங்களுக்குத்தான் தெரியும். குழு கேட்டால் அந்த நகலைக் கொடுங்கள். கேட்காவிட்டாலும் கொண்டுபோய்க் கொடுங்கள். உறவுக்காரரைப் பற்றி நற்சான்று கேட்டு வந்தால் உண்மையை எழுதுங்கள். குடிகாரனுக்கு நல்லவன் என்று லெட்டர்பேடில் எழுதித் தராதீர்கள். வியாபாரிகளே, ஸகாத் பணத்தில் மதரஸாவுக்கு அனுப்பியது போக, எத்தீமை வைத்து வளர்க்கும் ஒரு நன்னிக்கு மாதாமாதம் அரிசியும் பால் காசும் அனுப்ப ஒரு ஏற்பாடு செய்யுங்கள். இல்லங்கள் கட்ட நீங்கள் கொடுக்கும் நன்கொடையில் பத்தில் ஒன்று போதும்.

உறவினர்களுக்கு: பிள்ளை குழுவிடம் போய்விட்டது என்று தெரிந்த அன்றே கிளம்புங்கள். வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். எழுதிக் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். உறவைக் காட்டும் ரேஷன் கார்டு, பிறப்புச் சான்று, நிக்காஹ் நகல், பிள்ளையோடு எடுத்த படம் எது இருந்தாலும் எடுத்துப் போங்கள். ஒன்றுமே இல்லாவிட்டால் ஜமாஅத் கடிதமும் அக்கம்பக்கத்தார் இரண்டு பேரும் போதும். அதையும் பதிவு செய்யச் சொல்லுங்கள். குடும்பத்தில் நான்கு பேர் விரும்பினால் வெளியிலேயே பேசி முடித்து ஒருவர் பெயரைக் கொடுங்கள். குழுவின் முன் சண்டை போட்டால் நால்வரும் திரும்ப வேண்டியதுதான். வீட்டுக்கு ஆள் வரும் தேதியைக் கேட்டு வையுங்கள். உத்தரவு எதிராக வந்தால், உத்தரவு தேதியிலிருந்து முப்பது நாளுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். முப்பது நாள் என்றால் முப்பது நாள். பெருநாள் முடியட்டும், கடைக் கணக்கு முடியட்டும் என்று இருந்துவிடாதீர்கள்.